அசல் படகின் அடையாளங்கள்

என்னிடம் பல் பிடுங்கிக்கொண்டவர்கள் எல்லோருக்கும் என் படகைப் பற்றித் தெரியும். யாரும் கேட்டதில்லை. ஆனால் வாயைப் பிளந்து, உள்ளே பஞ்சும் உறிஞ்சுகுழாயுமாகப் படுத்திருக்கும் மனிதரால் "போதும் டாக்டர்" என்று சொல்ல முடியாதல்லவா? பல் வைத்தியத்தில் உங்களுக்குப் பிடித்த அம்சமே அதுதான் என்பாள் என் மனைவி. அவள் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். யார் என்ன புளுகினாலும் முகத்தில் ஒன்றும் காட்டாமல் கேட்டுக்கொள்வது அவள் தொழில். வீட்டில் நான் படகைப் பற்றிப் பேசும்போதும் அந்த முகத்தைத்தான் மாட்டிக்கொள்வாள்.

படகை நானும் மச்சினனும் கூட்டாக வாங்கினோம். மச்சினன் லிஃப்ட் மெக்கானிக். வாழ்நாளெல்லாம் மேலும் கீழும் போவதையே பார்த்து அலுத்துப்போய், நேராகப் போகிற ஏதாவது ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்டான். அந்த ஆசையும் முழுதாக நிறைவேறவில்லை. ஸ்டீயரிங்கை நடுவில் பிடித்தாலும் எங்கள் படகு இடப்பக்கமாகத்தான் போகும்.

அது மோட்டார் க்ரூசர் வகை. க்ரூசர் என்றதும் கப்பலைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். நாலு பேர் முடங்கிப் படுக்க, ஓர் அடுப்பு வைக்க, குனிந்தபடி முகம் கழுவ இடம் உள்ள மோட்டார் படகு, அவ்வளவுதான். எங்களுடையதற்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அடியில் ஃபைபர் உடல், மேலே மரக் கேபின். மழை வெளியே நின்ற பிறகும் உள்ளே கொஞ்ச நேரம் பெய்யும்.

விற்றவர் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார். "இது மேலாத்துப் பட்டறைப் படகு சார்." அந்த வார்த்தைதான் என்னைக் கெடுத்தது.

ஆற்றின் மேல்பகுதியில் இருந்த, எப்போதோ இழுத்து மூடப்பட்ட படகுப் பட்டறை அது. பழைய படகுப் பைத்தியங்களுக்கு அந்தப் பெயர் காதில் விழுந்தால் போதும், கை தானாகச் சட்டையின் மேல் பித்தானைப் போடும். அங்கே கட்டிய படகுகளில் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் பட்டறைப் பெயர் பொறித்த ஒரு பித்தளைத் தகடு இருக்கும். எங்களுடையதில் இல்லை. முகம் கழுவும் தொட்டிக்கு மேலே, சுவரில் இரண்டு திருகுத் துளைகள் மட்டும் இருந்தன.

"தகட்டை எவனோ கழட்டிட்டான்" என்றேன்.

"தகட்டைக் கொண்டுபோய் ஏன் அத்தான் வாஷ்பேசின் மேல மாட்டுறான்?" என்று கேட்டான் மச்சினன்.

"ஆரம்பத்துல கட்டின படகுகள்ல அங்கதான் மாட்டியிருக்கான்."

இது எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. வாயில் வந்தது, சொன்னேன். ஆனால் சொல்லி முடித்ததும் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் படகு பட்டறையின் முதல் படகாகவே ஆகியிருந்தது.

அதன்பிறகு என்னைப் பிடித்த நோய்க்குப் பெயர் அடையாளம் காணுதல். படகுத்துறையில் மனைவியோடு நடக்கப் போனால் ஒவ்வொரு பழைய படகின் முன்னும் நிற்பேன். ஜன்னல் மூலையின் வளைவு, முன்மூக்கின் சாய்வு, பக்கவாட்டில் ஓடும் கோடு என்று பார்த்து, இது இன்ன பட்டறை, இன்ன காலம் என்று தீர்ப்புச் சொல்வேன். ஒருமுறை, பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவரிடம் அவர் படகின் பூர்வீகத்தை விரிவாக எடுத்துச் சொன்னேன். அவர் பிரஷை டப்பாவில் வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "இல்லீங்க, இது எங்க அண்ணன் போன வருஷம் கட்டினது. பழசு மாதிரி இருக்கணும்னு சொல்லித்தான் கட்டினோம்" என்றார். திரும்பி வரும் வழி முழுக்க மனைவி அந்த நீதிமன்ற முகத்தை மாட்டிக்கொண்டு நடந்தாள். பேசியிருந்தால் கூடத் தேவலாம்.

இதையெல்லாம் அறியாத பழைய மோட்டார் படகுச் சங்கம் என்னை அடையாளக் குழுச் செயலாளராக ஆக்கியது. சங்கத் தலைவர் நில அளவைத் துறையில் அதிகாரியாக இருந்தவர். அவரை எல்லோரும் அட்மிரல் என்பார்கள். யாரோ கிண்டலுக்கு வைத்த பெயர் அது. அவர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டதால் பிறகு மாற்ற முடியவில்லை. அவரிடம் இருந்தது தகடோடு கூடிய உண்மையான மேலாற்றுப் பட்டறைப் படகு. அதனால் அவர் என்னிடம் கொஞ்சம் தணிந்தே பேசுவார். முதல் படகு என்னிடம் அல்லவா இருக்கிறது!

பதவி வந்ததும் சும்மா இருக்க முடியுமா? சங்க இதழில் ஒரு கட்டுரை எழுதினேன். அசல் மேலாற்றுப் படகை அடையாளம் காண்பது எப்படி என்று, எங்கள் படகில் இருந்த விசித்திரங்களை எல்லாம் விதிகளாக மாற்றினேன். தொட்டிக்கு மேலே இரண்டு துளை. தோள் பக்கம் அகன்று கால் பக்கம் குறுகும் படுக்கைகள். 'தூங்கும் மனித உடலை ஆழ்ந்து படித்த ஒரு மேதையின் வடிவமைப்பு' என்று இதற்கு விளக்கம் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் மேலாக, சாப்பாட்டு மேசையின் விளிம்பில் உள்நோக்கி வெட்டப்பட்ட ஓர் அரைவட்டம். அதைப் பற்றி மட்டும் ஒரு முழுப் பக்கம். 'ஆற்றின் சுழிப்பை மேசைக்கும் கொண்டுவந்த கலைஞனின் கையெழுத்து' என்று எழுதியபோது எனக்குக் கண் கலங்கியது. மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். "நல்லா எழுதியிருக்கீங்க" என்றாள். குற்றவாளிக் கூண்டில் நிற்பவருக்காகப் பேசும் அதே குரலில்.

சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் எங்கள் படகுக்கு, எஞ்சியிருக்கும் மிகப் பழைய மேலாற்றுப் படகு என்று புதுத் தகடு செய்து கொடுப்பதாக முடிவாயிற்று. அடையாளங்களைப் பற்றி நான் உரையாற்ற வேண்டும். உரையை மருத்துவமனையிலேயே ஒத்திகை பார்த்தேன். ஆட்கள் படுத்திருந்தார்கள், வாய் திறந்திருந்தது. வேறென்ன வேண்டும்?

அப்படி ஒரு காலையில்தான் வானொலி அம்மா கடைவாய்ப் பல்லைப் பிடித்துக்கொண்டு வந்தார். வானொலியில் காலைச் செய்தி வாசித்தவர். ஒரு காலத்தில், எது நடந்தாலும் அவர் வாயால் சொன்னால்தான் அது நடந்ததாக ஊர் ஒத்துக்கொள்ளும். அவருடைய ழகரத்தைக் கேட்டுத்தான் நாங்கள் பள்ளியில் ழகரம் பழகினோம்.

மரத்துப்போக ஊசி போட்டு, பஞ்சைத் திணித்து, வேலையைத் தொடங்கினேன். அவர் பார்வை எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த படகுப் படத்தில் போய் நின்றது.

"ரசனையான கண்ணும்மா உங்களுக்கு" என்று ஆரம்பித்தேன். பட்டறையின் வரலாறு, துளைகள், படுக்கை எல்லாம் வரிசையாக வந்தன.

"ஆ... ஆஆ" என்றார்.

"வலிக்குதா?"

இல்லையென்று கையை ஆட்டினார்.

"அப்ப சரி. அந்த மேசை இருக்கே, அதுல ஒரு வளைவு..."

"ஊங்! ஊ ஊங்!" படத்தை நோக்கி விரலை நீட்டினார்.

"அதேதான்! ஜன்னல் வழியா தெரியுது பாருங்க."

உதவிக்கு நின்ற நர்ஸ், "டாக்டர், அம்மா என்னமோ சொல்ல வர்றாங்க" என்றாள்.

"பல் வந்ததும் சொல்லட்டும்" என்று, ஆற்றின் சுழிப்புக்கு வந்தேன். பல்லும் வந்தது. அவர் எழுந்து வாயைக் கொப்பளித்துத் துப்பினார்.

"அலு... எங்க பலகு" என்றார்.

"பலகையாம்மா? ஆமா, தேக்குப் பலகை. இப்பல்லாம் கிடைக்காது."

அந்த அம்மா கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்தார். மரத்துப்போன கன்னத்தை உள்ளங்கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, செய்தி வாசிப்பது போலவே சொன்னார். "அந்தப் படகைக் கட்டியவர் என் கணவர்."

நர்ஸ் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது. நானே தள்ளிவிட்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் படகுத்துறைக்கு வந்தார். மனைவியும் மச்சினனும் அங்கே இருந்தார்கள். எங்காவது தவறு நேர்ந்திருக்கும், வேறு படகாக இருக்கும் என்று எனக்கு ஒரு நப்பாசை. ஆனால் அவர் படியில் இறங்கும்போதே, பார்க்காமல், நான் எப்போதும் இடித்துக்கொள்ளும் உத்தரத்துக்குத் தலையைத் தாழ்த்தினார். நேராக மேசைக்குப் போய் அந்த வளைவைத் தடவினார்.

"வெறும் உடம்பை மட்டும் அந்தப் பட்டறையில வாங்கினோம். அப்பல்லாம் அப்படியும் கொடுப்பாங்க. மேல இருக்கிறது பூரா எங்க வீட்டு முன்னால வச்சு அவரு கட்டினது. கட்டி முடிக்கிற சமயம் மூத்தவ வயித்துல இருந்தா. பெஞ்சுக்கும் மேசைக்கும் நடுவில என்னால நுழையவே முடியல. எனக்குப் படகும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு அழுதேன். அவரு என்னைப் பிடிச்சு உக்கார வச்சு, வயித்தைச் சுத்திப் பென்சிலால கோடு போட்டு, அறுத்துட்டாரு."

ஆற்றின் சுழிப்பு அதோடு முடிந்தது.

என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அக்கா அழுகிறாள் என்று நினைத்து மச்சினன் தண்ணீர் எடுக்கப் போனான். எனக்கு அந்த மாதிரிச் சந்தேகமெல்லாம் இல்லை.

"அந்தத் துளைங்க?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"டூத்பிரஷ் மாட்டுற ஸ்டாண்டு."

நான் பல் டாக்டர் என்பதை யாரும் அப்போது ஞாபகப்படுத்தவில்லை. அந்தப் பெருந்தன்மையை மறக்க மாட்டேன்.

மச்சினன் படுக்கையில் உட்கார்ந்தபடி, "உங்க வீட்டுக்காரரு என்னம்மா வேலை பாத்தாரு?" என்று கேட்டான்.

"சவப்பெட்டி செய்ற இடத்துல. கை பழகின அளவு அதுதானே. தோள் கிட்ட அகலம், கால் கிட்ட குறுகல்."

போன கோடை முழுக்க அதில் சுகமாகத் தூங்கியவன் மெதுவாக எழுந்து நின்றுகொண்டான்.

கணவர் ஏன் வரவில்லை என்று மனைவி விசாரித்தாள். "முதல் தடவை ஓட்டிப் பாத்தப்பவே ஒரே வாந்தி. கரைக்கு வந்ததும் வித்துடுன்னுட்டாரு. அத்தனை காலம் கட்டினாரு, அரை நாள்கூட ஓட்டல" என்றார் வானொலி அம்மா.

அவர் போன பிறகு மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம்.

"பேசாம விட்டுடலாம் அத்தான். தகட்டை வாங்கி மாட்டிட்டா கதை முடிஞ்சுது. யாருக்குத் தெரியப்போவுது?" என்றான் மச்சினன்.

"எனக்குத் தெரியும்" என்றாள் மனைவி. "என்னை யாராவது கேட்டா, ஒரு வார்த்தை கூட்டாம குறைக்காம அப்படியே சொல்லிடுவேன். பழக்கமாயிடுச்சு."

கூட்டத்துக்கு முன்பே அட்மிரலைத் தனியாகப் பிடித்து, விஷயத்தை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு ஓடிவிடுவது என்று முடிவு செய்தேன். கூட்டத்தன்று காலையில் சீக்கிரமே போனேன். துறையை ஒட்டிய புல்வெளியில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அட்மிரல் என்னைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பற்றினார்.

"டாக்டர், உங்களுக்கு ஒரு இன்ப அதிர்ச்சி வச்சிருக்கேன்."

புல்லில் வெள்ளைத் துணி போர்த்திய ஏதோ ஒன்று இருந்தது. துணியை உருவினார். அவருடைய படகின் சாப்பாட்டு மேசை. பட்டறையிலேயே செய்யப்பட்ட, கீறல் விழாத, அசல் மேசை. அதன் விளிம்பில் ஓர் அரைவட்டம். வார்னிஷ் இன்னும் மணத்தது.

"உங்க கட்டுரையைப் படிச்ச பிறகுதான் எனக்கு உறைச்சது. முன்னாடி இருந்த சொந்தக்காரன் எவனோ வளைவு இல்லாத மேசையா மாத்தி வச்சிருக்கான். அதான் பழையபடி ஆக்கிட்டேன். நானே அறுத்தேன்!"

பின்னால் நின்ற இருவர் வெட்கத்தோடு தலையாட்டினார்கள். "நாங்களும் அறுத்துட்டோம் டாக்டர்."

தப்பான பல்லைப் பிடுங்கிவிட்டால் ஒரு பல் டாக்டரின் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். படிக்கும் காலத்தில் ஒருமுறை வாஷ்பேசின் கண்ணாடியில் அதைப் பார்த்திருக்கிறேன். அன்று அட்மிரலும் அந்த முகத்தைப் பார்த்திருப்பார். ஆனால் உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன் என்று நினைத்து என்னைத் தட்டிக்கொடுத்தார். தனியாகச் சொல்லும் வாய்ப்பு அதோடு போயிற்று.

மேடையேறினேன். முதலில் பட்டறையின் வரலாற்றைத் தொட்டேன். பிறகு ஆராய்ச்சியில் பிழைகள் நேர்வது இயல்பு என்று பொதுவாகச் சொன்னேன். பெரிய விஞ்ஞானிகளை எல்லாம் துணைக்கு இழுத்தேன். முன்வரிசையில் மனைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். சரி என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வயிறு, பென்சில், சவப்பெட்டி, டூத்பிரஷ். சொல்லி முடித்தபோது ஆற்றில் யாரோ எஞ்சினை நிறுத்தியது மட்டும் கேட்டது.

அட்மிரல் எழுந்தார். "யாரோ ஒரு அம்மா சொன்னாங்கன்னு..."

"அந்த அம்மா நான்தான்" என்று பின்வரிசையிலிருந்து வந்தது குரல். என் மனைவி அழைத்திருக்கிறாள், எனக்குத்தான் தெரியாது. இப்போது கன்னம் மரத்திருக்கவில்லை. நான் சொன்னதையெல்லாம் அவர் தெளிவாக, சுருக்கமாக, தலைப்பு முதல் முடிவு வரை வாசித்தார். அந்தக் குரலில் வந்த ஒன்றை மறுத்துப் பேசி அந்த ஊரில் யாருக்கும் பழக்கம் இல்லை. அட்மிரல் உட்கார்ந்துவிட்டார்.

வானொலி அம்மாவின் பக்கத்தில், ஒல்லியாக, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். அவர்தான் கணவர். யார் முகத்தையும் பார்க்காமல் நேராக மேசைக்கு வந்தார். குனிந்து வளைவை விரலால் அளந்தார்.

"அறுத்த கை நல்ல கை" என்றார். "ஆனா அளவு தப்பு. இதுல ஆறாம் மாசத்துக்கு மேல யாரும் உக்கார முடியாது."

முதலில் சிரித்தது அட்மிரலின் மனைவி. அதை அடக்க அவர் முயற்சி செய்யவே இல்லை. அது வரிசை வரிசையாகப் பரவியது. அட்மிரல் மட்டும் மேசையைப் பார்த்தபடி இருந்தார். நிலத்தை அளந்தே வாழ்ந்த மனிதர். அவருக்கு அளவு தப்பு என்றது சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் வீட்டில் தனியாக, என் கட்டுரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ரம்பத்தோடு உட்கார்ந்திருந்ததை நினைத்துப் பார்த்தேன்.

கடைசியில் அவர் தணிந்த குரலில், "இதைப் பழையபடி மூட முடியுமா?" என்று கேட்டார்.

"அறுத்த துண்டு இருக்கா?"

"இருக்கு. பத்திரமா வச்சிருக்கேன்."

"கொண்டாங்க. ஒட்டின இடம் தெரியாது. என் வேலையில யாரும் குறை சொல்லித் திரும்பி வந்ததில்ல."

சவப்பெட்டி செய்தவர் இதை நகைச்சுவைக்காகச் சொன்னாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. மற்ற இரண்டு மேசைகளையும் அவரே சரி செய்து கொடுத்தார்.

நான் ராஜினாமா செய்வதற்குள் சங்கம் அதை ஏற்றுக்கொண்டது. தகடு கிடைக்கவில்லை. எங்கள் படகைச் சேர்க்க 'வீட்டில் முடித்தவை' என்று ஒரு புதுப் பிரிவை ஆரம்பித்தார்கள். அதில் நாங்கள் மட்டும் தனியாக இருப்போம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அன்றைக்கே ஒருவர் தயங்கித் தயங்கி வந்து, தன் படகின் உள்வேலை மாமனார் செய்தது என்றார். இன்னொருவர், தன் படகின் கேபின் பழைய பஸ்ஸிலிருந்து வந்தது என்றார். இவர்கள் இருவருக்கும், அசல் என்று என் கையாலேயே சான்று எழுதிக் கொடுத்திருந்தேன்.

அந்த மழைக்காலம் முடிந்ததும் வானொலி அம்மாவை ஒரு சவாரிக்கு அழைத்தோம். அவர் கணவர் ஏறமாட்டேன் என்று சொல்லி, கரையோரப் பாதையில் நடந்தே வந்தார். ஸ்டீயரிங்கை நான் பிடித்திருந்தேன். எதிர்க்கரையில் ஒரு பழைய படகு கட்டியிருந்தது. ஜன்னல் மூலையைப் பார்க்கத் தலையைத் திருப்பினேன். அவ்வளவுதான். எங்கள் படகு இடப்பக்கமாக வழுக்கிக்கொண்டு போய்ச் சேற்று மேட்டில் ஏறி நின்றுவிட்டது. கடல் வற்றம் வேறு, ஆற்றில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

மச்சினன் கரைக்கு ஒரு பலகையை நீட்டினான். வானொலி அம்மாவின் கணவர் அதன் முனையில் வந்து நின்றார்.

"ஆடுமா?" என்று கேட்டார்.

"அசையாதுங்க" என்றான் மச்சினன். "அத்தான் எதையும் அரைகுறையா செய்ய மாட்டாரு."

அவர் காலால் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு ஏறி உள்ளே வந்தார். ஒவ்வோர் அலமாரியாகத் திறந்து மூடினார். சரியாக மூடாத ஒரு கதவின் திருகைப் பேனாக்கத்தியால் முறுக்கினார். பிறகு மனைவிக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டார். என் மனைவி எல்லோருக்கும் டீ ஊற்றினாள். நான் மேசையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அது எனக்குப் பெரிய சாதனை.

கடல் ஏற்றம் தொடங்கித் தண்ணீர் உயர்ந்து, அடிப்பாகம் லேசாக ஒருமுறை அசைந்தது. அவ்வளவுதான், பெரியவர் டீக் கோப்பையோடு எழுந்து, பலகை வழியாக ஓட்டமாக ஓடிக் கரையில் நின்றுகொண்டார்.

படகை விடுவித்துத் திரும்பினோம். அவர் கரையோரமாக, டீயை உறிஞ்சியபடி கூடவே நடந்தார். எஞ்சினை எவ்வளவு முடுக்கினாலும் அவருக்கு முன்னால் போக முடியவில்லை. நாங்கள் துறைக்கு வந்தபோது, கயிற்றை வாங்கிக் கட்டக் கையை நீட்டிக்கொண்டு அவர் அங்கே நின்றிருந்தார்.